பட்டியலில் ஒரே ஒரு போன்

இந்த வீட்டில் ரகசியம் பேச வேண்டுமென்றால் வாஷிங் மெஷின் ஓட வேண்டும். அதுவும் துணியைப் பிழிந்து தள்ளும் கடைசிச் சுற்றில், மெஷின் தடதடவென்று ஆடுமே, அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பேச முடியும். போன வாரம் அப்படித்தான் அவள் தன் நாத்தனாரின் காதில் விஷயத்தைப் போட்டாள். கல்யாணத்துக்கு முன் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தவள், மூன்று வருடமாக வீட்டோடு கிடப்பவள், யாருக்கும் தெரியாமல் ஓர் ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பதிலும் வந்துவிட்டது. புதன்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் நேர்காணல்.

"அண்ணாவுக்குத் தெரியுமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"தெரியாது. தெரியவும் கூடா..." என்று சொல்லி முடிப்பதற்குள் மெஷின் நின்றுவிட்டது. அதோடு பேச்சும் நின்றது.

இன்று புதன்கிழமை.

அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலையின் வாசலில் அவன் சூப்பர்வைசர். யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம், பையில் என்ன இருக்கலாம் என்பதெல்லாம் அவன் கையில். அங்கே அவனுக்குப் பேரே 'கேட்' என்றுதான். மேனேஜரின் மச்சானையே பாஸ் இல்லை என்று வெயிலில் நிறுத்திய கதையை விருந்தாளி வரும்போதெல்லாம் சொல்வான். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

கெட்டவனா என்றால், இல்லை. கை நீட்ட மாட்டான், குடிக்க மாட்டான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஈரத்துணியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அதுதான் கஷ்டமே. கெட்டவனாக இருந்தால் நாலு பேர் அவள் பக்கம் பேசியிருப்பார்கள். "கொஞ்ச நாளைக்கு வேலை வேண்டாம்" என்றுதான் அவன் ஆரம்பத்தில் சொன்னான். அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவு தேதி எதுவும் அவன் சொல்லவில்லை.

வீடு தரைத்தளத்தில் இருந்தது. மூன்று பக்கமும் அடுத்த கட்டடத்தின் சுவர். போன் பேசவே சமையலறை ஜன்னல் கம்பியில் காதை ஒட்ட வேண்டும். மொபைல் சிக்னலில் வீடியோ என்பதெல்லாம் நடக்காத காரியம். போதாக்குறைக்கு, அவள் போனுக்கு டேட்டா போடுவதையும் அவன் நிறுத்திவிட்டான். "வீட்ல வைஃபை இருக்கும்போது உனக்கு டேட்டா எதுக்கு?" என்றான். வீட்டை விட்டு எங்கே போகப் போகிறாய் என்பதைத்தான் அப்படிக் கேட்டான் என்று அவளுக்கு அப்போதே புரிந்தது.

வாசலில் ஒரு கேமரா. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தால், ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் அவன் போனில் மணி அடிக்கும். அடுத்த நிமிடம் லேண்ட்லைன் அடிக்கும். "எங்க கிளம்பிட்டே?" என்று பாசமாகத்தான் கேட்பான்.

ஆக, அவளுக்கு வெளி உலகம் என்பது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் பச்சை விளக்குகளோடு மினுங்கும் அந்த வைஃபை ரவுட்டர்தான்.

காலையில் அவன் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது. நெற்றியில் சுருக்கம்.

"என்ன பண்றீங்க?" என்றாள்.

"ரவுட்டர்ல செட்டிங் கொஞ்சம் மாத்தறேன். நெட்டுல வேண்டாததெல்லாம் ஓடுது."

"என்ன வேண்டாதது?"

அவன் நிமிரவில்லை. "உன் போன் எங்க?"

"சார்ஜ்ல இருக்கு."

"இன்னிக்கு வெளிய போற வேலை எதாவது இருக்கா?"

"நான் எங்க போகப் போறேன்?"

அவன் தலையாட்டினான். ஏதோ தட்டினான், எதையோ தேடித் தொட்டான். தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவசரமாகக் கடைசி பட்டனை அழுத்திவிட்டு, லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தான். ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக உயிர் வர ஆரம்பித்தன. முழுதும் வருவதற்குள் அவன் தெருவில் இருந்தான். நாளெல்லாம் அடுத்தவர் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவன், தான் போட்ட பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"யாரு டிவியை நிறுத்தினது?"

நேற்று விட்டுப்போன சீரியலை அவர் நெட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு மாமியார் மாடிப்படியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி ஊற்றும்போதே படம் அப்படியே நின்றுவிட்டது.

"அத்தை, நான் தொடவே இல்ல."

"நல்ல கட்டத்துல நிக்குது பாரு. இவ இப்ப வழுக்கி விழணும்."

அதற்குள் உள் அறையிலிருந்து சின்னவள் லேப்டாப்போடு ஓடிவந்தாள். பார்சல் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். 'என் பார்சல் எங்கே' என்று கேட்பவர்களுக்கு 'வந்துகொண்டே இருக்கிறது' என்று நாள் முழுவதும் பதில் தட்டும் வேலை. நெட் போனால் ஆள் வேலைக்கு வரவில்லை என்று கணக்கு.

"அண்ணி, எனக்குக் கட் ஆயிடுச்சு. பாஸ்வேர்ட் போட்டாலும் ஏத்துக்க மாட்டேங்குது. உங்களுக்கு?"

இன்றைக்குப் பார்த்தா? அவள் சார்ஜிலிருந்து போனை உருவினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மெயிலைத் திறந்தாள். திறந்தது. நேர்காணலுக்கான இணைப்பைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் உடனே திறந்தது. இவ்வளவு வேகமாக இந்த வீட்டில் நெட் வந்ததே இல்லை.

"எனக்கு வருதே."

"வருதா?" சின்னவள் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "எப்படி அண்ணி? உங்களுக்கு மட்டும்?"

"யாருக்கு மட்டும் என்ன?" என்று ஹாலிலிருந்து கேள்வி வந்தது. மாமியாருக்குக் காது மந்தம் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருக்கு வேண்டும்போது மட்டும் மந்தமாகும் காது அது.

"ஒண்ணும் இல்ல!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதிலேயே ஏதோ இருக்கிறது என்று எவருக்கும் புரிந்திருக்கும்.

மதியம் லேண்ட்லைன் அடித்தது. எடுக்கும்போதே அவளுக்குத் தெரியும்.

"வாசல் கேமரா ஏன் கறுப்பா இருக்கு?" கேட்டின் குரலில் பாசம் குறைவாக இருந்தது. "காலையில இருந்து பார்க்கறேன். யாராவது ரவுட்டரைத் தொட்டீங்களா?"

"இல்லங்க. அத்தைக்கு டிவி வரல. இவளுக்கும் நெட் போயிடுச்சு. வேலை கெடுதுன்னு தவிக்கறா."

அந்தப் பக்கம் ஏதோ லாரி பின்னால் நகரும் பீப் ஒலி மட்டும் வந்தது.

"உன் போன்ல வருதா?"

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. நாக்கு தானாகப் புரண்டது. "வரல."

"ம்ம்." அவன் மூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. "அது வராதுதான். அது பரவாயில்ல. மத்ததெல்லாம் ஏன் போச்சுன்னு தெரியல."

அவள் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது வராதுதான். அது பரவாயில்லை.

"எனக்குப் பதில் ஆள் வந்ததும் பர்மிஷன் சொல்லிட்டுக் கிளம்பறேன். மூணு மணிக்கெல்லாம் வந்துடுவேன். வந்து சரி பண்றேன். யாரும் எதையும் தொட வேண்டாம்."

ரிசீவரை வைத்ததும் நேராக உள் அறைக்குப் போய்ச் சின்னவளின் முன்னால் நின்றாள்.

"நீ சொன்னியா?"

"என்ன அண்ணி?"

"உங்க அண்ணன்கிட்ட. இன்னிக்கு மூணு மணிக்கு எனக்கு என்ன இருக்குன்னு. என் போனை நிறுத்தறதுக்காகத்தான் காலையில அவர் அதுல உக்காந்திருந்தார். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

சின்னவளின் முகம் சிவந்துபோனது. "என்னைப் பார்த்தா கோள் சொல்றவ மாதிரியா இருக்கு? இந்த வீட்டுல நான் மட்டும் என்ன மகாராணியா? ராத்திரி ஒன்பதுக்கு மேல என் லேப்டாப்புக்கு நெட்டைப் பூட்டறான். நான் போற ஒவ்வொரு சைட்டையும்தான் பார்த்து வெக்கறான்."

"அப்ப எப்படித் தெரிஞ்சது?"

"அவன் எப்பவும் எங்க பார்ப்பானோ அங்க போய்ப் பார்த்தா தெரிஞ்சுடும்." சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ரவுட்டருக்குள்ள போகணும். என் லேப்டாப்பை அது உள்ளயே விடல. உங்க போன்லதான் முடியும்."

"பாஸ்வேர்ட்?"

"அவனோட கேட் நம்பர்தான். அவன் சட்டையில தொங்குற அட்டையில இருக்குமே. சூட்கேஸ் பூட்டுக்கும் அதான், போனுக்கும் அதான். ஊரையே சந்தேகப்படுவான், தன் நம்பரை மட்டும் யாரும் படிக்க மாட்டாங்கன்னு நினைப்பு."

வாஷிங் மெஷினில் துணியே இல்லை. ஆனாலும் சின்னவள் அதை ஓட விட்டாள். பக்கத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, ஒரு போனின் மீது தலைகளைக் கவிழ்த்தார்கள். நம்பரைத் தட்டியதும் பக்கம் திறந்துகொண்டது.

முதலில் வந்தது, யார் நெட்டில் எந்தெந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற பதிவு. அந்த ஆஸ்பத்திரியின் வேலைவாய்ப்புப் பக்கம் அவள் போனிலிருந்து திரும்பத் திரும்பத் திறக்கப்பட்டிருந்தது. அவள் ராத்திரி தூக்கம் வராமல் பார்த்தது, குளிக்கப் போகும் முன் பார்த்தது, எல்லாம் வரிசையாக இருந்தது. அவன் ஒவ்வொன்றையும் படித்திருக்கிறான். படித்துவிட்டு, காலையில் டீ குடித்துக்கொண்டே 'நெட்டுல வேண்டாததெல்லாம் ஓடுது' என்றிருக்கிறான்.

"மன்னிச்சுக்கடி" என்றாள்.

"விடுங்க அண்ணி." சின்னவள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளினாள். "இதோ, யாரை விடணும் யாரை விடக் கூடாதுங்கற இடம்."

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு போன்தான் இருந்தது. அதற்கு மேலே இரண்டு வரிகள். பட்டியலில் இருப்பதைத் தடு என்று ஒன்று. பட்டியலில் இருப்பதை மட்டும் விடு என்று இன்னொன்று. புள்ளி இரண்டாவது வரிக்கு எதிரே விழுந்திருந்தது.

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, கேட் சார்! அவனோட செக்யூரிட்டி ரூம்ல சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கும், பார்த்திருக்கேன். அதுல பேர் இருந்தா உள்ள விடக் கூடாதுன்னு அர்த்தம். வேலையை விட்டு அனுப்பினவங்க, அடிதடி பண்ணவங்க, அந்த மாதிரி ஆளுங்க பேரு. அவனுக்கு லிஸ்ட்னாலே அதுதான். மேல என்ன போட்டிருக்குன்னு படிக்காமலே உங்க போனைச் சேர்த்துட்டான். உங்களை வெளிய தள்ளப் போய் எங்க எல்லாரையும் தள்ளிட்டான், தன் கேமராவையும் சேர்த்து!"

அவள் சிரிக்கவில்லை. பட்டியலில் தன் போனுக்கு நேரே இருந்த பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் எந்தெந்தப் பொருள் நெட்டைத் தொடுகிறதோ, அதற்கெல்லாம் அவன் பேர் வைத்திருந்தான். கீழே வரிசையாக இருந்தன. அம்மா டிவி. தங்கச்சி லேப்டாப். வாசல் கேமரா. அவன் போனுக்கு மாஸ்டர் என்று பேர். அவள் போனுக்கு அவன் வைத்திருந்த பேர், விசிட்டர்.

சின்னவளும் அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது. "அண்ணி, அவன் எதோ வேலை ஞாபகத்துல..."

"பரவாயில்ல" என்றாள். பரவாயில்லாமல் எப்படி இருக்கும்? தொழிற்சாலையில் ஸ்டாஃப், கான்ட்ராக்ட், விசிட்டர் என்று மூன்று நிறத்தில் அட்டை உண்டு என்று அவன் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். விசிட்டர் அட்டையை மட்டும் சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்த வீட்டில் அவள் எத்தனை பாத்திரம் தேய்த்திருக்கிறாள். மாமியாரின் முழங்காலுக்கு எத்தனை நாள் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள். மூன்று மணிக்கு முகம் வீங்கியிருக்கக் கூடாது என்பதற்காக அழுகையை விழுங்கினாள்.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் சின்னவள். "என்னைச் சேர்த்துவிடுங்க முதல்ல. இன்னும் கொஞ்ச நேரம் போனா இன்னிக்கு ஷிப்டே போயிடும்."

சின்னவளின் லேப்டாப்பைச் சேர்த்தாள். மாமியாரின் டிவியையும் சேர்த்தாள். நேர்காணல் நேரத்தில் மாமியார் சீரியலில் முழுகியிருந்தால் நல்லது என்று அதற்கு ஒரு கணக்கு.

கேமராவுக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது.

கேமராவைச் சேர்த்தால் அவன் அவசரமாகக் கிளம்பி வர மாட்டான். ஆனால் அது உயிர் பெற்ற அந்த நிமிடமே, யாரோ உள்ளே புகுந்து சரிசெய்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். லேண்ட்லைன் அடிக்கும், யார், எப்படி, எதற்கு என்று அவளை நிற்க வைத்துக் கேட்பான். கேமராவைச் சேர்க்காவிட்டால் மூன்று மணிக்கு ஆளே வந்து நிற்பான். இரண்டு பக்கமும் அவன்தான் இருந்தான்.

"நேரா அவன்கிட்டயே சொல்லிடுங்களேன்" என்றாள் சின்னவள்.

"போன தடவை வேலைக்குப் போறேன்னு சொன்னேனே. 'பார்க்கலாம்'னு சொன்னார். அப்புறம்தான் டேட்டா நின்னுச்சு."

கேமராவைத் தொடாமல் பக்கத்தை மூடினாள். வாஷிங் மெஷின் வெறும் வயிற்றோடு தடதடத்துவிட்டு நின்றது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அறையில் இருந்த ஒரே ஜன்னலுக்கு வெளியே எதிர்ச்சுவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில். வெளிச்சம் பத்தாமல் பகலிலேயே விளக்கைப் போட்டாள். இஸ்திரிப் பெட்டியைச் சாய்மானமாக வைத்து அதில் போனை நிறுத்தினாள். பின்னால் பீரோ தெரிந்தது. அதன் உள் அறையில்தான் அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம் இருக்கின்றன. பத்திரமாக இருக்கட்டும் என்று கல்யாணமான புதிதில் அவன்தான் வாங்கி வைத்துப் பூட்டினான். விண்ணப்பத்துக்கு அவள் அனுப்பியது, போனில் எப்போதோ எடுத்து வைத்திருந்த படங்களை.

ஹாலில் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாமியார் ஒரு வழியாக வழுக்கி விழுந்திருக்க வேண்டும், ஒரே அலறல்.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நிர்வாக அதிகாரி. இன்னொருவர் நரைத்த தலையோடு இருந்த ஓர் அம்மாள், எக்ஸ்ரே பிரிவின் தலைவி. அந்த அம்மாள்தான் கேட்டார்.

"சின்னக் குழந்தை, ரெண்டு வயசு. நெஞ்சுல சளி. படம் எடுக்கணும். கத்தி ஊரைக் கூட்டுது, அசையாம நிக்காது. என்ன செய்வீங்க?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அழ விடுவேன் மேடம்."

நிர்வாக அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

"மூச்சைப் பிடின்னு சொன்னா அந்த வயசுக்குப் புரியாது. ஆனா அழற குழந்தை ஒவ்வொரு கத்தலுக்கும் அப்புறம் நல்லா மூச்சை உள்ள இழுக்கும். அந்த நேரம் பார்த்து எடுத்தா நுரையீரல் முழுசா விரிஞ்சு கிடைக்கும். அம்மாவைத்தான் பிடிச்சுக்கச் சொல்வேன். அதுக்கு முன்னாடி அவங்க மறுபடி மாசமா இருக்காங்களான்னு கேட்டுப்பேன். இல்லைன்னா ஈய ஏப்ரன் போட்டு நிக்க வெப்பேன். இருந்தா அப்பாவைக் கூப்பிடுவேன்."

அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பு வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு, தனக்குத் தெரிந்த ஒன்றை யாரோ அவளிடம் கேட்டிருந்தார்கள். மார்பு நிறைந்து போயிற்று அவளுக்கு.

அந்த நேரத்தில்தான் வாசல் கதவு திறந்தது.

"நெட் வருதே!" கேட்டின் குரல். "டிவி ஓடுதே! யாரு சரி பண்ணது?"

"தானா வந்துடுச்சு அண்ணா" என்று சின்னவள் சொல்வது கேட்டது.

"தானா எப்படி வரும்? என் போன் கனெக்ட் ஆகலையே." இரண்டு முறை, மூன்று முறை முயன்றிருப்பான் போலிருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் நடந்து வரும் சத்தம். படுக்கையறைக் கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் நின்றது. அவள் பேசிக்கொண்டிருந்த குரலை அவன் கேட்டுவிட்டான். வீட்டில் யாரும் கேட்டிராத, நிமிர்ந்த குரல் அது.

"மூணு வருஷமா வேலையில இல்லையே, ஏன்?" என்று நிர்வாக அதிகாரி கேட்டார்.

கதவு தட்டப்பட்டது. "யார்கிட்ட பேசறே? கதவைத் திற."

"எதாவது பிரச்னையா?" என்றார் அந்த அம்மாள்.

"இல்ல மேடம்." போனுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தாள். "குடும்பத்துக்காக நின்னேன். இப்ப திரும்ப வரணும்னு தோணுது. வேலை மறக்கல."

"திறன்னு சொல்றேன்ல?"

அவள் திறக்கவில்லை. செருப்புச் சத்தம் ஹாலுக்குத் திரும்பியது. அவன் எதற்குப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பட்டியல், பாஸ்வேர்ட் எதுவும் வேண்டாம். ரவுட்டரின் பிளக் அவன் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. கையை நீட்டிப் பிடுங்கினால் போதும். கதவுக்கு இந்தப் பக்கம் அவளால் செய்ய முடிந்தது எதுவுமே இல்லை.

"அண்ணா, வேண்டாம், என் ஷிப்ட் போயிடும்!" என்று சின்னவள் கத்தினாள்.

"ஒரு நிமிஷம்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்றேன்."

"கையை எடுடா."

மாமியாரின் குரல் அது. சத்தமாகக்கூட இல்லை.

"அம்மா, நீ சும்மா இரு. உன் சீரியலை அப்புறம் பார்த்துக்கலாம்."

"இன்னும் முடியல. கையை எடு."

கேட் டிவியைத் திரும்பிப் பார்த்தான். திரையில் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் சத்தமே இல்லை. எப்போது அதன் வாயை அடைத்தார் என்று யாருக்கும் தெரியாது. மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, படுக்கையறைக் கதவின் பக்கம் காதைத் திருப்பியபடி மாமியார் உட்கார்ந்திருந்தார். மகனின் கை பிளக்கின் மேல் அப்படியே நின்றது.

மாமியார் சொன்னதில் உள்ளே அவள் காதில் விழுந்தது 'கையை எடு' என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான். திரையில் படம் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அது போதும்.

"எப்ப வந்து சேர முடியும்?" என்றார் அந்த அம்மாள்.

"திங்கட்கிழமை மேடம்." இரண்டு பக்கமும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

"சந்தோஷம். வரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கொண்டுவந்துடுங்க. ஒரிஜினல் பார்க்காம ஆளைச் சேர்க்க மாட்டாங்க எங்க ஆபீஸ்ல."

"கொண்டுவர்றேன்" என்றாள். சொல்லிவிட்டுத்தான் பின்னால் இருந்த பீரோவைத் திரும்பிப் பார்த்தாள்.

தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தாள். ஹாலில் மூன்று பேரும் இருந்தார்கள். மாமியார் அவளைப் பார்க்கவில்லை. சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யார் பக்கம் என்பது அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

கேட்டின் முகம் வெளுத்திருந்தது. கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். வேலையைப் பற்றிக் கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் போனை நீட்டினான்.

"என் போன் கனெக்ட் ஆகல."

"தெரியும். நான் சேர்க்கல."

"சேர்த்துடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அவள் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவன் நம்பரை அவன் கண் முன்னாலேயே பாஸ்வேர்டாகத் தட்டினாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். உள்ளே விடப்படாத பொருள்களில் அவன் போனைத் தேடி எடுத்தாள். மாஸ்டர் என்று இருந்ததை அழித்தாள். கட்டம் காலியாக இருந்தது.

"என்ன பேர்ல சேர்க்கட்டும்?" என்றாள்.

விசிட்டர் என்ற பேரை அவள் பார்த்துவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தங்கையைப் பார்த்தான், அவள் லேப்டாப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தான், அவர் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்புக் காலோடு தன் வீட்டு ஹாலில் நின்றுகொண்டிருந்தான்; ஒரிஜினல் சர்டிபிகேட் என்ற பேச்சு அவன் காதிலும் விழுந்திருந்தது.

அவன் கை மட்டும் மெல்ல இடுப்புக்குப் போனது. அங்கே தொங்கிக்கொண்டிருந்த சாவிக் கொத்தில் பீரோ சாவியைத் தேடிப் பிடித்து, உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டது.